பினாங்கில் படகேறினால் திமிங்கிலம் தெரியுமா?

கேள்வி சுருக்கமாக இது: மார்ச் கடைசியில் ஒரு குடும்பம் கோலாலம்பூரிலிருந்து பினாங்கு வருகிறது. கூடவே 70 வயது அம்மாவும் 8, 11 வயதில் 2 பிள்ளைகளும். வெளிநாடுகளில் 'வசந்தகாலத் திமிங்கிலப் படகுப் பயணம்' என்று விளம்பரம் வருகிறதே, அதைப் போல இங்கே எந்த ஜெட்டியில் ஏறலாம், எந்த நேரம் நல்லது, என்ன கொண்டுபோக வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள்.

ஏமாற்றத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பினாங்கில் எந்த ஜெட்டியில் ஏறினாலும் திமிங்கிலத்தை நம்பிப் போக முடியாது. 'திமிங்கிலம் காட்டுகிறேன்' என்று யாராவது டிக்கெட் விற்றால் வாங்காதீர்கள். டால்பின் அப்படி இல்லை. இந்தக் கரையோரத்தில் டால்பின் 2 வகை, கடற்பன்றி 1 வகை என்று 3 இனங்கள் வருடம் முழுவதும் குடியிருக்கின்றன. அவற்றைப் பார்க்கச் சிறந்த இடம் பினாங்குத் தீவு இல்லை. அங்கிருந்து தெற்கே சுமார் 100 கி.மீ. தள்ளி, தைப்பிங்கை அடுத்த கோலா செபெத்தாங். திமிங்கிலமே வேண்டும் என்றால் அதே மார்ச், ஏப்ரலில் இலங்கைக்குப் போக வேண்டும். அதையும் கடைசியில் எழுதுகிறேன்.

வசந்தகாலத் திமிங்கிலப் படகு என்பது குளிர்நாட்டுக் கடலின் கணக்கு. கலிபோர்னியாக் கரையில் சாம்பல் திமிங்கிலங்கள் மெக்சிகோவின் வெதுவெதுப்பான கடற்கழிகளில் குட்டி போட்டுவிட்டு, மார்ச், ஏப்ரலில் குட்டிகளோடு வடதுருவக் கடலை நோக்கிப் போகும். ஒரு வழிக்கே 8,000 கி.மீ.க்கு மேல். கரையை ஒட்டியே போவதால் படகில் போனால் கண்ணில் படும். ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும் இதே மாதிரிதான், ஆனால் அவர்களுடைய வசந்தம் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. அங்கே தெரிவது கூன்முதுகுத் திமிங்கிலம். நமக்கு இளவேனில் என்பது பஞ்சாங்கத்தில் இருக்கிறது, கடலில் இல்லை. பினாங்குக் கடல் எல்லா மாதமும் ஏறக்குறைய ஒரே சூடு. இந்த வழியாக வலசை போகும் பெரிய கூட்டமும் கிடையாது.

இன்னொரு காரணம் ஆழம். மலாக்கா நீரிணையில் நம் பக்கம் முழுக்கச் சேற்றுத் தரை. சுற்றுலாப் படகு போகும் தூரத்துக்குள் சில பத்து மீட்டர் ஆழம்தான். நீலத் திமிங்கிலமும் ஸ்பெர்ம் திமிங்கிலமும் இரை தேடுவது நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீட்டர் ஆழமுள்ள நீரில். அந்த ஆழம் நமக்கு வடமேற்கே, அந்தமான் கடலில்தான் தொடங்குகிறது. ஆழமில்லாத கடலையும் பொறுத்துக்கொள்ளும் பெரிய இனம் புரூடஸ் திமிங்கிலம். எழுத்தைப் பார்த்துச் சிலர் பிரைட்ஸ் என்பார்கள். அது லங்காவிப் பக்கம் எப்போதாவது தலைகாட்டும். வழிதவறி வருவதும் உண்டு. 1892-ல் மலாக்காக் கரையில் ஒதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூடு 1907 முதல் சிங்கப்பூர் அருங்காட்சியகத்தில் தொங்கியது. 1974-ல் அதைக் கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். அங்கே இளவயதில் அதைப் பார்த்ததாக அம்மா சொன்னால் நம்பலாம். இப்போது அது லபுவானில் இருக்கிறது. எப்போதாவது ஒன்று வந்தால் சிங்கப்பூரில் மட்டும் 67 வருடம் காட்சிக்கு வைக்கும் அளவுக்கு அபூர்வம் என்பதுதான் இங்குள்ள நிலைமை.

பங்குனியும் சித்திரையும் நமக்குத் தரும் நன்மை ஒன்று உண்டு: கடல் அமைதி. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தான், திரெங்கானுவைப் போட்டு அடிக்கும். நடுவில் தித்திவங்சா மலைத்தொடர் நிற்பதால் மேற்குக் கரையில் பெரும்பாலும் அதன் வேகம் குறைந்துவிடும். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் காலைகளில் பினாங்கு, பேராக் கரையோரக் கடல் பல நாள் எண்ணெய் ஊற்றிவைத்த மாதிரி கிடக்கும். ஏப்ரல் பிறந்ததும் மத்தியானத்துக்கு மேல் இடிமழை. அதன் பிறகு மாதக்கணக்கில் 'சுமத்ரா' என்று சொல்லும் புயல்வரிசை வரும். இரவில் சுமத்ரா பக்கம் திரண்டு, விடியற்காலையில் நம் கரையை அடிக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும், ஆனால் சின்ன பைபர் போட்டுக்கு அந்த நேரம் ஆபத்து. மேற்கே அடிவானத்தில் கருப்பாகப் பாய் விரித்த மாதிரி நீளமாக மேகம் தெரிந்தால் அன்று ஜெட்டியிலேயே காத்திருங்கள்.

கடல் அமைதியை இவ்வளவு சொல்வதற்குக் காரணம், நம் கடல்விலங்குகள் கூச்சக்காரர்கள். விளம்பரத்தில் வருவது போல வானத்தில் துள்ளுவது குறைவு. தண்ணீருக்கு மேல் தெரிவது ஒரு கை அகல முதுகு, அதுவும் ஒன்றிரண்டு விநாடி. அலை அரை மீட்டர் எழுந்தாலே அது மறைந்துபோகும்.

இனி அந்த 3 பேர். பிள்ளைகளுக்கு முதலில் கண்ணில் படப்போவது பிங்க் டால்பின், அதாவது இந்தோ-பசிபிக் கூன்முதுகு டால்பின். நீளம் 2 முதல் 2.7 மீட்டர். நீண்ட மூக்கு, சின்ன முக்கோண முதுகுத் துடுப்பு. பிறக்கும்போது ஈயச் சாம்பல் நிறம். வளர வளரச் சாம்பல் திட்டுத்திட்டாகக் கழன்று வெள்ளையும் இளஞ்சிவப்புமாக மாறும். வயதானால் நமக்கு நரைக்கிறது, அதற்குச் சிவக்கிறது. மேலே வரும்போது முதலில் மூக்கு நீட்டும், பிறகு முதுகு வளையும், ஆழமாக இறங்கும்போது வாலைத் தூக்கிக் காட்டும். தாய் இளஞ்சிவப்பிலும் பக்கத்தில் குட்டி சாம்பலிலும் வருவதைப் பார்த்துவிட்டு 'வேறு இனம் போல' என்று பலர் குழம்புவார்கள்.

இரண்டாவது ஐராவதி டால்பின். மலாய்க்காரர் எம்பெசுட் என்பார்கள். மூக்கே இல்லை, உருண்டைத் தலை, தலையணையை ஈரமாக்கி மிதக்கவிட்ட மாதிரி. முதுகுத் துடுப்பு சின்னது, முனை மழுங்கியது, உடம்பின் பாதிக்குப் பின்னால் தள்ளி இருக்கும். அவசரமே கிடையாது. தலை மெல்ல வெளியே வரும், புஸ் என்று ஒரு மூச்சு, முதுகு உருண்டு உள்ளே போகும். தண்ணீர் கலங்குவதுகூட இல்லை. எஞ்சினை நிறுத்தினால் கண்ணுக்கு முன் காதுக்கு எட்டும். சில சமயம் வாயிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும். அது விளையாட்டுக்காக இருக்க வேண்டியதில்லை; மீனை ஒரு பக்கம் மடக்க அப்படிச் செய்வதுண்டு. பெயர் மியன்மார் ஆற்றினுடையது என்றாலும், அறிவியல் பெயருக்கு அடிப்படையான மாதிரி 1852-ல் கிடைத்தது விசாகப்பட்டினத் துறைமுகத்தில். அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்று உலகப் பட்டியலில் இருக்கிறது.

மூன்றாவது துடுப்பில்லாக் கடற்பன்றி. ஒன்றரை மீட்டர்தான். முதுகில் துடுப்பே இல்லை, வெறும் மெல்லிய வரப்பு. போட் சத்தம் கேட்டாலே விலகிப் போய்விடும். கடலில் வெள்ளை நுரை அங்கங்கே தெரிய ஆரம்பித்துவிட்டால் இதைத் தேடுவது வீண். கண்ணாடி மாதிரி கடல் இருக்கும் காலையில், 'டயர் ஒன்று உருண்டு போன மாதிரி இருந்ததே' என்று பிள்ளை சொன்னால் அது கடற்பன்றியாகத்தான் இருக்கும்.

கோலா செபெத்தாங்குக்கு வருவோம். பட்டர்வொர்த்திலிருந்து பிளஸ் நெடுஞ்சாலையில் தெற்கே வந்து தைப்பிங்கில் இறங்கி, கடலை நோக்கி இன்னும் 15 கி.மீ. பினாங்கிலிருந்து ஒன்றரை மணி நேரம். கோலாலம்பூரிலிருந்து நேராக என்றால் சுமார் 300 கி.மீ.; ஈடிஎஸ் ரயிலில் தைப்பிங் வரை வந்து அங்கிருந்து வாடகைக் காரும் பிடிக்கலாம். என் யோசனை: பினாங்குக்குப் போகும் வழியிலேயே தைப்பிங்கில் ஓர் இரவு தங்கிவிடுங்கள். காலை 7 மணிக்குப் போட் ஏற வேண்டியவர்கள் பினாங்கிலிருந்து 5 மணிக்குக் கிளம்பினால், அரைத் தூக்கத்தில் நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டுப் படகில் வாந்தி எடுப்பார்கள்.

ஊரின் பழைய பெயர் போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் ரயில் பாதை 1885-ல் தைப்பிங்கிலிருந்து இங்கேதான் வந்து முடிந்தது. தண்டவாளம் போய்விட்டது, நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. ரோமன், ஜாவி, சீனம், தமிழ் என 4 எழுத்திலும் ஊர் பெயர் இருக்கும். போட் கிளம்ப நேரம் இருந்தால் அம்மாவை அங்கே நிறுத்தி ஒரு படம் எடுங்கள்.

ஊரைச் சுற்றி இருப்பது மாத்தாங் பாக்காவ் காடு, அதாவது அலையாத்திக் காடு, ஏறக்குறைய 40,000 ஹெக்டேர். 1900-களின் தொடக்கத்திலிருந்து கரிக்கட்டைக்காக முறைபோட்டு வெட்டி, நட்டு, நிர்வகித்து வருகிறார்கள். பாக்காவ் வேருக்குள் இறாலும் மீன்குஞ்சும் வளர்கின்றன. அவற்றைத் தின்னப் பெரிய மீன் வருகிறது, அதைத் தேடி டால்பின் வருகிறது. ஐராவதியும் கடற்பன்றியும் இந்தக் கடலோரத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. கடற்பாலூட்டிகளுக்கு முக்கியமான பகுதி என்று மாத்தாங் கரையோரத்துக்குச் சர்வதேச அங்கீகாரமும் உண்டு. இங்கேயும் லங்காவியிலும் பல வருடமாகக் கணக்கெடுத்து வருவது மேர்செட் என்ற மலேசிய ஆய்வு அமைப்பு. டாக்டர் லூயிசா பொன்னம்பலம் அதை நிறுவியவர்களில் ஒருவர்.

போட்காரரிடம் பேசும்போது 'டால்பின் பார்க்க' என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். இங்கே விற்கும் டூர்களில் பல மாலையில் மின்மினியும் பருந்தும் காட்டுவதற்கானவை. அந்தப் படகு ஆற்றுக்குள்ளேயே சுற்றித் திரும்பிவிடும், டால்பின் இருக்கும் இடத்துக்குப் போகாது. ஆற்றுவாயைத் தாண்டித் திறந்த கடல் வரை போவாரா, குறைந்தது 2 மணி நேரம் கொடுப்பாரா, மேலே கூரை உண்டா, பிள்ளைகள் அளவில் லைப் ஜாக்கெட் உண்டா என்று கேளுங்கள். பெரியவர் ஜாக்கெட்டை 8 வயதுப் பிள்ளைக்குப் போட்டால் தண்ணீரில் விழும்போது அது தலைவழியே கழன்றுவிடும். படகுக்குப் பயணிகள் உரிமம் இருக்க வேண்டும். எத்தனை பேர் ஏறலாம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். விலையைப் பேசும்போது தலைக்கா, படகுக்கா என்பதையும் முடித்துவிடுங்கள். குடும்பமாகப் போனால் முழுப் படகை எடுப்பதே நல்லது. மற்றவர்கள் அவசரப்படுத்த மாட்டார்கள்.

நாளைத் தேர்ந்தெடுக்கக் காற்றோடு நீர்மட்டத்தையும் பாருங்கள். ஆயர் பாசாங் (நீர் ஏற்றம்), ஆயர் சுரூட் (நீர் இறக்கம்) எத்தனை மணிக்கு என்று போட்காரரே சொல்வார். நீர் ஏறும் நேரத்தில் மீன் கூட்டம் ஆற்றுவாய்க்குள் நுழையும், டால்பினும் பெரும்பாலும் பின்னாலேயே வரும். நீர் வற்றியிருந்தால் சேற்றுத்திட்டு வெளியே தெரியும். போட் குறுகிய வாய்க்கால் வழியாகத்தான் போக முடியும். இன்னொன்று, வற்றிய நேரத்தில் ஜெட்டிக்கும் படகுக்கும் இடையே படி செங்குத்தாகவும் பாசி பிடித்தும் இருக்கும். முட்டி வலி உள்ள அம்மாவுக்கு அதுதான் பெரிய சோதனை. காலையில் நீர் ஏறிக்கொண்டிருக்கும் நாளாகப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய 2, 3 நாள் நீரோட்டம் வேகமாக இருக்கும், தண்ணீர் கலங்கிக் காப்பி நிறத்தில் ஓடும். அதைத் தவிர்க்க முடிந்தால் நல்லது.

படகு ஆற்றுவாயைத் தாண்டியதும் எஞ்சினை அணைத்துவிட்டு 10 நிமிடம் சும்மா மிதக்கச் சொல்லுங்கள். பலர் செய்யும் தவறு, 2 மணி நேரமும் ஓடிக்கொண்டே இருப்பது. ஓடும் படகிலிருந்து முதுகு தெரியாது, மூச்சுச் சத்தம் கேட்காது. மிதக்கும்போது கடலை ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். படகின் மூக்கு 12 மணி. மூத்த பிள்ளைக்கு 9 முதல் 12, இளையவனுக்கு 12 முதல் 3. கண்டதும் '2 மணிப் பக்கம்' என்று சொன்னால் போதும். 'அங்கே பார், இங்கே பார்' என்று கத்தும்போது எல்லோரும் ஒரே பக்கம் சாய்வார்கள், சின்னப் படகு சரியும். முதலில் வெறும் கண்ணால் துழாவுங்கள், சந்தேகம் வந்தால் பைனாகுலர். 7x50 அல்லது 8x42 போதும். 10 மடங்குக்கு மேல் போனால் படகு ஆட்டத்தில் எதுவும் நிற்காது. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆலாப் பறவைகள் ஓரிடத்தில் சுற்றி விழுந்து எழுந்தால் கீழே மீன் கூட்டம் இருக்கிறது, அங்கே கவனியுங்கள். இழுவைப் படகு வலையைத் தூக்கும் நேரத்தில் பின்னால் பிங்க் டால்பின் வருவதும் உண்டு. ஏமாற்றும் பொருட்களும் நிறைய. பாக்காவ் கட்டை மிதக்கும். பார்த்த இடத்திலேயே திரும்பத் திரும்பத் தெரிந்தால் அது கட்டைதான். மடவை மீன் துள்ளும், சத்தம் மட்டும் பெரிதாக இருக்கும். நீர்நாய் தலையை மேலேயே வைத்துக்கொண்டு நீந்தும். டால்பின் ஒருபோதும் அப்படித் தலையை நிறுத்தி வைத்துக்கொண்டு போகாது.

கைபேசியில் படம் எடுக்கும் ஆசையைக் கொஞ்சம் அடக்க வேண்டும். முதுகைக் கண்ட பிறகு கைபேசியைத் தூக்கினால் கிடைப்பது வட்டமாக விரியும் தண்ணீர். வீடியோவைப் போட்டுவிட்டு, ஜூம் செய்யாமல், கடைசியாகத் தெரிந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் காட்டிப் பிடித்திருங்கள். கேமரா இருந்தால் 300 அல்லது 400 மி.மீ. லென்ஸ், 1/1000 விநாடிக்கும் வேகமான ஷட்டர்.

கையில் இருக்க வேண்டியவை அதிகம் இல்லை. ஆளுக்கு 1 லிட்டர் தண்ணீர், கழுத்தில் கட்டும் நாடாவுள்ள தொப்பி, முழுக்கைச் சட்டை, எலக்ட்ரானிக் சாமானுக்கு ஒரு நீர்புகாப் பை. பயண வாந்தி மாத்திரையைப் படகில் ஏறிய பிறகு போட்டால் பயனில்லை. ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். அம்மா வேறு மருந்து சாப்பிடுபவராக இருந்தால் பார்மசியில் கேட்டுவிட்டு வாங்குங்கள். காலையில் இட்லியோ ரொட்டியோ லேசாக. வெறும் வயிறும் கூடாது, சம்பலும் கூடாது. உட்காரும் இடம் படகின் பின்பாதி நடுவில். மூக்கில் உட்கார்ந்தால் ஒவ்வொரு அலைக்கும் முதுகெலும்பு அடி வாங்கும்.

டால்பின் தெரிந்ததும் போட்காரர் நேராக விரட்டினால் நிறுத்தச் சொல்லுங்கள். அவர் கெட்டவர் இல்லை. பக்கத்தில் காட்டினால்தான் டிப்ஸ் வரும் என்று நினைக்கிறார். 'பெலான்-பெலான், ஜாங்கான் கெஜார்' (மெதுவாக, விரட்டாதீர்கள்) என்று சொன்னால் புரிந்துகொள்வார். சரியான முறை: தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, அது போகும் திசைக்கு இணையாக, சற்றுப் பின்பக்கமாக வந்து, 50 மீட்டரில் எஞ்சினை நியூட்ரலில் போடுவது. கூட்டத்தை நடுவில் பிளந்துகொண்டு போகக் கூடாது, முன்னால் குறுக்கே போகக் கூடாது. குட்டி இருந்தால் இன்னும் தள்ளி. மூச்சு விடும் இடைவெளி நீண்டுகொண்டே போனால், திசையை மாற்றிக்கொண்டே இருந்தால், வாலால் நீரை அறைந்தால் நாம் தொந்தரவு கொடுக்கிறோம் என்று அர்த்தம். எப்படியானாலும் 20, 30 நிமிடத்தில் விலகிவிடுங்கள். உணவு போடவே கூடாது. நம் நாட்டில் திமிங்கிலம், டால்பின், ஆவுளியா (கடற்பசு), திமிங்கிலச் சுறா எல்லாம் 1999-ஆம் ஆண்டு மீன்வள விதிகளில் பாதுகாக்கப்பட்டவை. கரையில் உயிரோடு ஒதுங்கிய டால்பினைக் கண்டால் வாலைப் பிடித்து இழுத்துக் கடலில் தள்ளாதீர்கள். நிழல் கட்டி, ஈரத் துணி போட்டு, தலைமேல் உள்ள மூச்சுத் துளையில் தண்ணீரோ மணலோ துணியோ படாமல் பார்த்துக்கொண்டு, மீன்வள இலாகாவைக் கூப்பிடுங்கள்.

பருந்துக்குக் கோழித்தோல் வீசும் காட்சியையும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அந்தச் செம்பழுப்பு உடம்பும் வெள்ளைத் தலையும் நம் கருடன்தான். அம்மா பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அது தானாக மீன் பிடிப்பதையே அங்கே பார்க்கலாம்.

பினாங்குத் தீவிலேயே கடலைப் பார்க்க வேண்டும் என்றால் தெலுக் பஹாங்கில் உள்ள தேசியப் பூங்கா. ஜார்ஜ்டவுன் ஜெட்டியிலிருந்து 101 எண் பேருந்து அங்கே போகும். அங்கிருந்து போட்டில் குரங்குக் கடற்கரைக்கோ பந்தாய் கெராச்சுட்டுக்கோ போகலாம். முக்கா ஹெட் முனையைச் சுற்றும்போது டால்பின் தெரிந்தால் அதிர்ஷ்டம். அதை எதிர்பார்த்துக் காசு கட்டாதீர்கள். வெண்வயிற்றுக் கடற்கழுகும் நீர்நாயும் தென்பட வாய்ப்பு கூட. குரங்குக் கடற்கரைக்கு மலாய்ப் பெயர் தெலுக் டூயோங். டூயோங் என்றால் ஆவுளியா. பெயர் மட்டும்தான் மிச்சம். ஆவுளியாவைத் தீபகற்பத்தில் பார்க்க ஜோகூரின் கிழக்குத் தீவுகள் பக்கம்தான் போக வேண்டும்.

கெராச்சுட்டில் மீன்வள இலாகாவின் ஆமை நிலையம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதுவே போதும் என்று ஆகிவிடும். அங்கே முட்டையிட வருவது பேராமையும் பங்குனி ஆமையும். தமிழ்நாட்டுக் கரையில் பங்குனியில் வருவதால் அந்தப் பெயர். பினாங்கில் அது பெரும்பாலும் செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை வரும். பங்குனியில் இங்கே பேராமைப் பருவம் தொடங்கும் நேரம். மணலில் விளையாடலாம், ஓடலாம், கடலில் இறங்க வேண்டாம். கடுமையாகக் கொட்டும் ஜெல்லிமீன் உண்டு. திரும்பும் போட்டை மாலை 4 மணிக்கு மேல் வைக்காதீர்கள். ஏப்ரல் இடிமழை அந்த நேரத்தில்தான் இறங்கும்.

லங்காவியிலும் இதே 3 இனங்கள் இருக்கின்றன, தண்ணீரும் கொஞ்சம் தெளிவு. ஆனால் கடல் விரிந்தது, தேடும் நேரம் கூடும். ஏற்கெனவே லங்காவிக்குப் போகிறவர்கள் ஒரு காலையை ஒதுக்கலாம். இதற்காகவே போக வேண்டியதில்லை.

திமிங்கிலம்தான் வேண்டும் என்பவர்களுக்கு: கோலாலம்பூரிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் மூன்றரை மணி நேரம். இலங்கையின் தெற்கே மிரிஸ்ஸ, வடமேற்கே கற்பிட்டி, கிழக்கே திருகோணமலை என 3 இடங்கள். மிரிஸ்ஸவில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நீலத் திமிங்கிலம். கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கடல்தரை திடீரென்று ஆயிரம் மீட்டருக்கு இறங்கிவிடுவதுதான் அங்குள்ள சிறப்பு. இவை தென்துருவம் வரை போகாமல் வட இந்தியப் பெருங்கடலிலேயே சுற்றும் இனம். முதலில் தெரிவது சுமார் 9 மீட்டர் உயரத்துக்கு நேராக எழும் மூச்சுப் புகை. சில விநாடிக்கு ஒன்றாகப் பல மூச்சு விடும். பிறகு முதுகு நீண்டுகொண்டே போகும், 'இன்னும் முடியவில்லையா' என்று நினைக்கும்போது கடைசியில் ஒரு குட்டித் துடுப்பு வரும். வாலைத் தூக்கிவிட்டால் 10 நிமிடத்துக்கு மேல் உள்ளேதான். மூச்சு 45 பாகை சாய்ந்து இடது முன்பக்கமாக வந்தால் அது ஸ்பெர்ம் திமிங்கிலம். அது முங்கினால் முக்கால் மணி நேரம்கூட ஆகும்; காத்திருக்காமல் வேறு இடம் பாருங்கள்.

மலாக்கா நீரிணையைக் கடந்து மேற்கே போகும் கொள்கலன் கப்பல்களின் பாதை மிரிஸ்ஸவுக்குச் சற்றுத் தள்ளி, தெவிநுவர முனையை ஒட்டியே ஓடுகிறது. அங்கே கப்பல் மோதித் திமிங்கிலங்கள் சாகின்றன. 2022-ல் எம்எஸ்சி நிறுவனம் தன் கப்பல்களை 15 கடல்மைல் தெற்கே தள்ளிப் போகச் சொன்னது. சுற்றுலாப் படகுகள் கூட்டமாக மொய்ப்பதும் அங்கே பழைய பிரச்சினை. 100 மீட்டருக்குள் நெருங்காத, 'திமிங்கிலத்தோடு நீந்தலாம்' என்று சொல்லாத படகாகத் தேடுங்கள்.

பிள்ளைகளோடு போவதற்கு என் ஓட்டு கற்பிட்டிக்கு. சுழல் டால்பின்கள் நூற்றுக்கணக்கில் வரும், தன்னைத்தானே பம்பரம் போல் சுற்றிக்கொண்டு தாவும். நம் கடல் கொடுக்காத துள்ளலை எல்லாம் அங்கே ஒரே காலையில் பார்த்துவிடலாம். மார்ச், ஏப்ரலில் ஸ்பெர்ம் திமிங்கிலமும் வரும். விமான நிலையத்திலிருந்து சுமார் 3 மணி நேரச் சாலை. அம்மாவுக்குத் திருகோணமலை பிடிக்கும்: கோணேஸ்வரம் நிற்கும் பாறையின் கீழேயே ஆழ்கடல் பள்ளத்தாக்கு கரையை ஒட்டி வருகிறது. 1982 முதல் 1984 வரை 'டுலிப்' என்ற பாய்மரக் கப்பலில் வந்த ஆய்வாளர்கள் அந்தக் கடலில்தான் நீலத் திமிங்கிலங்களைப் பதிவு செய்தார்கள். சாமி கும்பிட்டுவிட்டு, பைனாகுலரோடு பாறை ஓரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் படகே இல்லாமல் மூச்சுப் புகை தெரிந்த நாட்களும் உண்டு. அங்கே மார்ச் கடைசி தொடக்கம்தான். கிழக்குக் கடல் ஏப்ரலுக்குப் பிறகுதான் நன்றாக அடங்கும்.

பயணத் தேதி ஏப்ரல் 13, 14-ஐ ஒட்டி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்களப் புத்தாண்டும் தமிழ்ப் புத்தாண்டும் ஒரே நாள். படகோட்டிகள் ஊருக்குப் போய்விடுவார்கள், பேருந்தில் நிற்கக்கூட இடம் கிடைக்காது, தெற்கே பாதிக் கடைகள் ஒரு வாரத்துக்குத் திறக்காது.